மதுக்கடையும் நகராட்சியும்: கோத்தன்பர்க் முறை தரும் படிப்பினை

(உள்ளாட்சித் துறை அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் பங்கு பெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வறுமையால் மனிதன் குடிக்கிறானா, குடிப்பதால் வறுமை வருகிறதா என்னும் வினா மிகப் பழமையானது. பொருளியலாரும் சமூகச் சீர்திருத்தக்காரர்களும் இதைப் பற்றி நீண்ட காலமாக வாதிட்டு வந்துள்ளனர். ஆனால், நகராட்சி ஒன்றை நடத்துவோருக்கு இவ்வினாவின் முடிவுக்காகக் காத்திருக்க இயலாது. வாரக் கூலி வீடு வந்து சேராத குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்க வேண்டிய பொறுப்பு நகராட்சியைச் சார்ந்தது. அச்செலவு ஆண்டுதோறும் பெருகும்போது அதன் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். அவ்வாறு தேடப் புகுந்து, மதுவிற்பனையையே தன் மேற்பார்வையின் கீழ்க் கொண்டுவந்த நகரம் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க். 1865-இல் அங்குத் தொடங்கிய ஏற்பாடு "கோத்தன்பர்க் முறை" என்னும் பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. அதன் வெற்றியையும் தோல்வியையும் ஆராய்வது, மது வருவாய் இன்றும் பெரும் விவாதமாக உள்ள நம் நாட்டுக்குப் பயன் தருவதாகும்.

வீடுதோறும் வாலை

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவ் சாராயம் காய்ச்சும் தொழிலை அரசின் தனியுரிமையாக்கினார். 1775-இல் கொண்டுவரப்பட்ட இத்திட்டத்தின் நோக்கம் கருவூலத்தை நிரப்புவதே. குடியானவர்களின் கடும் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. அதன்பின் நிலம் உடையவர்கள் தம் வீட்டுத் தேவைக்குச் சாராயம் காய்ச்சிக் கொள்ளும் உரிமை பெற்றனர். தானியத்திலிருந்தும், பின்னர் விலை மலிந்த உருளைக்கிழங்கிலிருந்தும் சாராயம் வடிக்கப்பட்டது. 1829-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 1,73,000 வாலைகள் பதிவாகியிருந்தன. அப்போதைய மக்கள்தொகை 30 இலட்சத்துக்கும் குறைவு. அதாவது, குழந்தைகள் உட்பட 17 பேருக்கு ஒரு வாலை என்ற கணக்கில் நாடெங்கும் சாராயம் வடிந்தது. பண்ணையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியைச் சாராயமாகவே அளந்து கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

இந்நிலையை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களுள் முதன்மையானவர் பீட்டர் வீசல்கிரென் என்னும் சமய குரு. 1830-களில் தொடங்கிய மதுவிலக்கு இயக்கம் இருபது ஆண்டுகளில் நாடாளுமன்றத்தையே அசைத்தது. 1855-இல் புதிய சட்டம் பிறந்தது. அது வீட்டு வாலைகளுக்கு முடிவு கட்டியது. சாராயத்தின் மீதான வரியை உயர்த்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, சில்லறை விற்பனையை அனுமதிப்பதா வேண்டாமா, அனுமதித்தால் எத்தனை கடைகள் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்தது. நாட்டுப்புற ஊராட்சிகளில் பெரும்பாலானவை இவ்வதிகாரத்தைக் கொண்டு கடைகளை அறவே நீக்கின. இதனால் சாராய வாணிபம் நகரங்களில் குவிந்தது. கிராமத்தின் தீர்வு நகரத்தின் சிக்கலாக மாறிற்று.

ஏலத்தின் தன்மை

நகரங்களில் கடை உரிமங்கள் மூன்றாண்டுகளுக்கு ஏலம் விடப்பட்டன. ஏலமுறையின் பொருளாதாரத் தன்மையை இங்கு ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அதிகத் தொகைக்கு ஏலம் எடுத்தவன் அத்தொகையை மீட்டு, அதன்மேல் இலாபமும் காண வேண்டும். அதற்கு அவனுக்கு ஒரே வழிதான் உண்டு, அதிகமாக விற்பது. கடனுக்குக் கொடுப்பது, தொழிலாளியின் கருவிகளையும் உடைகளையும் அடகாகப் பெறுவது, கூலி நாளன்று கடையை நெடுநேரம் திறந்து வைப்பது, உணவுக்கு இடமளிக்காமல் குடிக்கு மட்டும் இடமளிப்பது ஆகியவை அந்நோக்கத்தின் இயல்பான விளைவுகளே. விற்பவன் கெட்டவன் என்பதால் இவை நிகழவில்லை. நல்லவனும் அந்த ஏலத்தொகையைக் கட்டிய பின் அவ்வாறே நடந்தாக வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து அப்காரி ஏலத்தை அறிந்த இந்திய அலுவலர்களுக்கு இது புதிய செய்தியன்று.

குழுவின் அறிக்கை

கோத்தன்பர்க் மேற்குக் கடற்கரைத் துறைமுகம். மரமும் இரும்பும் ஏற்றுமதியாகும் நகரம். நூற்பாலைகளும் பிற தொழிற்சாலைகளும் வளர, வேலை தேடி வந்தோர் தொகை பெருகியது. 1860-களின் நடுவில் ஏறத்தாழ 45 ஆயிரம் பேர் அங்கு வாழ்ந்தனர். தொழில் வளர்ந்தபோதே ஏழ்மையும் வளர்ந்தது நகர மன்றத்துக்குக் கவலை அளித்தது. ஏழ்மையின் காரணங்களை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. 1865-இல் அது அளித்த அறிக்கை, தொழிலாளர் குடியிருப்புகளின் சீர்கேட்டையும் பிற குறைகளையும் எடுத்துக் கூறியதோடு, சாராயத்தையே தலையாய காரணமாகச் சுட்டியது.

குழு முழு மதுவிலக்கைப் பரிந்துரைக்கவில்லை. குடிப்பழக்கம் ஒரே நாளில் மறைந்துவிடும் என்றும் அது நம்பவில்லை. "குடிப்பதைத் தூண்டுவதால் எவர் இலாபம் அடைகிறார்?" என்னும் வினாவை மட்டுமே அது எழுப்பியது. அந்த இலாபத்தை அகற்றினால் தூண்டுதலும் அகலும் என்பது அதன் முடிவு. தனியார் இலாபத்தை நீக்கிய விற்பனை என்னும் இக்கருத்தே கோத்தன்பர்க் முறையின் உயிர்நாடி.

நிறுவனத்தின் அமைப்பு

1855-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, உரிமங்களை ஏலம் விடாமல் ஒரு நிறுவனத்திடம் மொத்தமாக ஒப்படைக்க வழி இருந்தது. ஃபாலூன், யோன்சோப்பிங் ஆகிய ஊர்கள் 1850-களின் தொடக்கத்திலேயே இத்தகைய முயற்சியில் ஈடுபட்டிருந்தன. கோத்தன்பர்க் அதை முழுமைப்படுத்தியது. நகரின் மதிப்புக்குரிய பெருமக்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் 1865 அக்டோபரில் பணியை ஏற்றது. அதன் விதிகள் எளியவை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தீமையை நேரடியாகக் குறி வைத்தவை.

முதலாவதாக, பங்குதாரர்கள் தாம் இட்ட முதலுக்கு ஆண்டுக்கு 6 விழுக்காட்டுக்கு மேல் ஈவு பெறுவதில்லை. இது பின்னர் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய இலாபம் முழுவதும் பொதுநலனுக்கே உரியது.

இரண்டாவதாக, கடையை நடத்தும் மேலாளருக்குச் சாராய விற்பனையில் ஒரு காசும் ஆதாயம் இல்லை. உணவு, காப்பி முதலியவற்றை விற்று வரும் இலாபத்தை மட்டும் அவர் வைத்துக்கொள்ளலாம். இதனால் வாடிக்கையாளர் குடிப்பதைவிட உண்பதையே அவர் விரும்பும் நிலை உருவாயிற்று. மனிதரின் தன்னலத்தை அறிவுரையால் மாற்ற முயலாமல், அத்தன்னலத்தின் திசையையே மாற்றிய இவ்விதி, ஊக்குவிப்பு முறை பற்றிய பொருளியல் பாடத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

மூன்றாவதாக, கடனும் அடகும் அறவே தடை செய்யப்பட்டன.

நான்காவதாக, கடைகள் விசாலமாகவும் வெளிச்சமாகவும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். நியாய விலையில் சூடான உணவு எந்நேரமும் கிடைக்க வேண்டும்.

இவற்றுக்கு மேல், 18 வயது நிறையாதவர்களுக்கு விற்பதில்லை என்று நிறுவனம் தானே வரையறை செய்துகொண்டது. தனக்குக் கிடைத்த உரிமங்கள் அனைத்தையும் அது பயன்படுத்தவுமில்லை. சில உரிமங்களை வெறுமனே கிடப்பில் போட்டுக் கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. தனியார் எவரும் செய்யத் துணியாத செயல் இது.

பலனும் குறையும்

தொடக்க ஆண்டுகளில் நல்ல பலன் தெரிந்தது. குடிபோதைக்காகக் கைது செய்யப்பட்டோரின் விகிதம் 1865-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் குறைந்தது. கூலியை அடகுக் கடையும் சாராயக் கடையும் பங்கிட்டுக்கொள்ளும் நிலை தளர்ந்தது. ஆயினும் 1870-களின் தொழில் செழிப்பில் கூலி உயர்ந்தபோது கைதுகளும் மீண்டும் ஏறின. இதைக் காட்டி, முறை தோற்றுவிட்டதென எதிர்ப்பாளர் முழங்கினர்.

உண்மை இரண்டுக்கும் இடைப்பட்டது. கடையில் அமர்ந்து குடிக்கும் விற்பனையை மட்டுமே நிறுவனம் முதலில் கட்டுப்படுத்தியது. புட்டியில் வாங்கிச் செல்லும் விற்பனை தனியாரிடமே இருந்தது. 1874-இல்தான் அதுவும் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பீர் விற்பனையோ நெடுங்காலம் வரை அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றது. ஓட்டைகள் உள்ள அணையைக் கொண்டு நீர்மட்டத்தை அளப்பது நியாயமாகாது. ஓட்டைகள் இருந்ததற்கான பொறுப்பு அணையைக் கட்டியவரைச் சாரும் என்பதும் மறுக்க முடியாதது.

வருவாய் என்னும் பொறி

இம்முறையின் மிகப் பெரிய குறை வேறிடத்தில் இருந்தது. மிஞ்சும் இலாபம் உழைக்கும் மக்களின் நலனுக்கே செலவாக வேண்டும் என்பது தொடக்க நோக்கம். ஆனால் நடைமுறையில் அதன் பெரும்பகுதி நகராட்சியின் பொது நிதியில் சேர்ந்தது. அதைக் கொண்டு தெருக்கள் போடப்பட்டன. வரி செலுத்துவோரின் சுமை குறைந்தது. வரி செலுத்துவோர் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். சாராயக் கடைக்குப் பணம் தருவோர் பெரும்பாலும் கூலியாட்கள். ஆக, ஏழையின் பையிலிருந்து எடுத்த பணம் செல்வரின் வரியைக் குறைக்க உதவியது. ஏழ்மையைக் குறைக்கப் பிறந்த திட்டம் ஏழைகள் மீதே மறைமுக வரியாக மாறும் அபாயம் இதுவே.

இதைவிட ஆழமான அபாயம் ஒன்றும் உண்டு. ஓராண்டு வந்த வருவாயை மறு ஆண்டு வரவுசெலவுத் திட்டம் எதிர்பார்க்கத் தொடங்குகிறது. மூன்றாம் ஆண்டில் அது இன்றியமையாததாகி விடுகிறது. தனி வியாபாரியிடமிருந்து அகற்றிய இலாப நோக்கம், வேறு உருவில் மன்றத்தின் மேசைக்கு வந்து அமர்கிறது. கடைகளைக் குறைக்க வேண்டிய கையே கணக்கைப் பார்த்துத் தயங்குகிறது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் இதற்குக் கடுமையான சான்று. அங்கு 1893-இல் மது விற்பனை முழுவதும் மாநில அரசின் கடைகளுக்கு மாற்றப்பட்டது. கொள்முதலில் ஊழல் மலிந்தது; அரசியல் ஆதரவாளர்களுக்குப் பதவி வழங்கும் கருவியாக அம்முறை சீரழிந்தது. 1907-இல் மாநில அளவிலான அந்த ஏற்பாடு கலைக்கப்பட்டது. விற்பனை அரசின் கைக்கு மாறுவதால் மட்டுமே பொதுநலன் காக்கப்படுவதில்லை என்பதே இதன் பாடம்.

நார்வேயின் திருத்தம்

அண்டை நாடாகிய நார்வே 1871-இல் சட்டம் இயற்றி இம்முறையை ஏற்றபோது, சுவீடன் கண்ட குறையைத் தவிர்க்க முயன்றது. அங்கு இலாபம் நகராட்சியின் பொது நிதியில் சேராமல், வரிப்பணத்தால் வழக்கமாக நடைபெறாத பொதுநலப் பணிகளுக்கே வழங்கப்பட்டது. மது வருவாய் நின்றாலும் நகராட்சியின் அன்றாடப் பணி நின்றுவிடாது என்பதே இதன் நன்மை.

1894-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. நகரில் மதுவிற்பனை நிறுவனம் இருக்கலாமா வேண்டாமா என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்யலாம் என்றும், 25 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலரும் வாக்களிக்கலாம் என்றும் அது விதித்தது. நார்வேப் பெண்கள் அனைவருக்கும் நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது 1913-இல்தான். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, மதுக்கடையைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது. குடியின் சுமையைத் தாங்குபவர் யார் என்பதைச் சட்டம் அறிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும். தொடர்ந்து நடைபெற்ற வாக்கெடுப்புகளில் பல நகரங்கள் கடைகளை மூடத் தீர்மானித்தன.

பிரிட்டனில் பரவிய கருத்து

பர்மிங்காம் நகரின் மேயராக இருந்து பெரும் நகராட்சிச் சீர்திருத்தங்களைச் செய்த ஜோசப் சேம்பர்லின் 1876-இல் கோத்தன்பர்க் சென்று நேரில் ஆராய்ந்தார். மறு ஆண்டு, நகராட்சிகள் மதுக்கடைகளை விலைக்கு வாங்கி நடத்த இடமளிக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். அது தோற்றது. எனினும் ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் இக்கருத்து வேர் விட்டது. 1896-இல் ஃபைஃப் வட்டாரத்து ஹில் ஆஃப் பீத் என்னும் ஊரில் தொடங்கி, "கோத்" என்று மக்கள் சுருக்கி அழைத்த மதுக்கடைகள் பல ஊர்களில் தோன்றின. ஈவு 5 விழுக்காட்டுக்கு மேற்படாது. மீதி இலாபம் அவ்வூரின் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் மருத்துவத் தாதியின் ஊதியத்துக்கும் செலவாயிற்று. பணம் கொடுத்தவரும் பலன் பெற்றவரும் ஒரே ஊரார் என்பது இவற்றின் சிறப்பு.

முதல் உலகப் போரின்போது, 1916-இல், வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்த கிரெட்னாவுக்கு அருகிலுள்ள கார்லைல் வட்டாரத்தில் மதுக்கடைகளைப் பிரிட்டிஷ் அரசே ஏற்றது. கடைகள் குறைக்கப்பட்டன, மேலாளர்களுக்கு நிலையான சம்பளம் அளிக்கப்பட்டது. போர்க்கால ஏற்பாடாகப் பிறந்த இது 1973 வரை நீடித்தது.

நகராட்சியிலிருந்து நாட்டுக்கு

சுவீடனில் 1905-ஆம் ஆண்டுச் சட்டம் சாராய விற்பனையில் தனியார் இலாபத்துக்கு நாடு முழுவதும் முடிவு கட்டியது. அதற்குப் பின் வந்த மருத்துவர் இவான் பிராட், கடையை மட்டும் கட்டுப்படுத்துவது போதாது, வாங்குபவரையும் கட்டுப்படுத்த வேண்டும் என வாதிட்டார். 1914-இல் ஸ்டாக்ஹோமில் பங்கீட்டுப் புத்தகம் நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் மாதத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்பது அப்புத்தகத்தில் குறிக்கப்பட்டது. 1922-இல் நடந்த வாக்கெடுப்பில் முழு மதுவிலக்கு மிகச் சிறிய வேறுபாட்டில் தோல்வியுற்றதற்கு இம்முறையின் செல்வாக்கும் ஒரு காரணம்.

ஆனால் இப்பங்கீடு ஒரே அளவுகோலைப் பின்பற்றவில்லை. வசதியுள்ளவருக்குத் தாராளமாகவும், ஏழைத் தொழிலாளிக்குக் குறைவாகவும், மணமான பெண்களுக்குப் பெரும்பாலும் இல்லையென்றும் புத்தகம் வழங்கப்பட்டது. ஏழையைக் காப்பதாகக் கூறும் நடவடிக்கை, ஏழையை மட்டும் ஐயுறும் நடவடிக்கையாக எளிதில் மாறிவிடும். இந்த வெறுப்பு முற்றி, 1955 அக்டோபரில் பங்கீட்டுப் புத்தகம் ஒழிக்கப்பட்டது. உடனடியாகக் குடிபோதைக் குற்றங்கள் பெருகின. அரசு வரியை உயர்த்தி எதிர்கொள்ள நேர்ந்தது. அதே ஆண்டில் வட்டார நிறுவனங்கள் ஒன்றிணைக்கப்பட்டு நாடு தழுவிய ஒரே அரசு நிறுவனம் உருவாயிற்று. 1995-இல் சுவீடன் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது உற்பத்தி, இறக்குமதி, மொத்த வாணிபம் ஆகியவற்றில் இருந்த தனியுரிமை கைவிடப்பட்டது. சில்லறை விற்பனையின் தனியுரிமை மட்டும் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

இந்தியாவுக்குப் பொருந்துவன

நமது அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு, மருந்தாகப் பயன்படுவது தவிர, போதை தரும் பானங்களை விலக்க அரசு முயல வேண்டும் என்று நெறிகாட்டுகிறது. ஏழாம் அட்டவணைப்படி மது மாநிலங்களின் பொறுப்பு. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், மனிதர் அருந்தும் மது அவ்வரிக்கு வெளியே நிற்பதால், மாநிலங்கள் தாமே வரி விதிக்கக்கூடிய மிகச் சில இனங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. நெறி ஒரு திசையிலும் நிதி மறு திசையிலும் இழுக்கின்றன.

இந்த இழுபறியை முன்னுணர்ந்து செயல்பட்ட ஒரு நிகழ்ச்சி நம் வரலாற்றில் உண்டு. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த இராஜாஜி, 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழக்கும் வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கொள்கையின் நன்மை தீமை பற்றி எவர் எக்கருத்து கொண்டிருந்தாலும், மாற்று வருவாயைத் தேடாமல் மது வருவாயைத் துறக்க முடியாது என்னும் நிதியியல் உண்மையை அந்நடவடிக்கை ஏற்றிருந்தது. பின்னாளில் அவ்விற்பனை வரியே மாநிலங்களின் பெரும் வருவாயாக வளர்ந்தது. காலம் மாறி, 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. கேரளம் உள்ளிட்ட வேறு சில மாநிலங்களிலும் அரசு நிறுவனங்கள் மது வாணிபத்தில் உள்ளன. தனியார் இலாபத்தை அகற்றுதல் என்னும் முதல் நிபந்தனை இவ்வாறு ஓரளவு நிறைவேறலாம். வருவாயைச் சார்ந்திராமை என்னும் இரண்டாம் நிபந்தனையே கடினமானது.

உள்ளூர் மக்களின் முடிவு என்னும் மூன்றாம் கூறும் நம் நாட்டுக்கு அந்நியமன்று. 1992-இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்னும் ஊரின் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தனர். எழுத்தறிவு இயக்கத்தோடு இணைந்து பரவிய அக்கிளர்ச்சியின் விளைவாக 1993-இல் சாராயமும், 1995-இல் பிற மது வகைகளும் அம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டன. நிதி நெருக்கடியால் 1997-இல் முழுத்தடை தளர்த்தப்பட்டது. அட்டவணைப் பகுதிகளின் ஊராட்சிகளுக்கான 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், போதைப் பொருள்களின் விற்பனையையும் நுகர்வையும் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ உரிய அதிகாரம் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அளிக்கப்பட வகை செய்கிறது. மகாராட்டிரத்தில் ஊர்ப் பெண்கள் வாக்களித்துக் கடையை மூடச் செய்யும் விதி உள்ளது. நார்வே 1894-இல் கண்ட வழியோடு இவை உறவுடையவை.

முடிவாக

கோத்தன்பர்க் முறையை அப்படியே பெயர்த்து நடுவது இயலாது, தேவையுமில்லை. எனினும் ஓர் அலுவலர் தம் வட்டாரத்து மதுவிற்பனை ஏற்பாட்டை அளந்தறிய நான்கு வினாக்களை அது விட்டுச் சென்றுள்ளது. அதிகம் விற்பதால் விற்பவருக்கு ஆதாயம் உண்டா? விற்பனை குறைந்தால் எந்த அலுவலகத்தின் கணக்கில் துண்டு விழும்? இலாபம் எவருடைய பையிலிருந்து வந்து எவருடைய நன்மைக்குச் செல்கிறது? கடை வேண்டாம் என்று சொல்ல அத்தெருவில் வாழும் பெண்களுக்கு வழி உண்டா?

முதல் வினாவுக்குக் கோத்தன்பர்க் நகரம் 1865-இலேயே நல்ல விடை கண்டது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அது இடறியது; நார்வேயும் ஸ்காட்லாந்தின் சுரங்க ஊர்களும் ஓரளவு திருத்தின. நான்காவது வினாவுக்கான விடை சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது கிராம சபையின் தீர்மானத்தைக் கோப்பில் உறங்கவிடாத அலுவலரின் கையில் உள்ளது. வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்குச் சேரும் தொகை, அதே தெருவின் முனையில் வேறொரு துறையின் வருவாயாகத் திரும்பி வருமானால், இரு கணக்குகளும் சரியாக இருந்தும் குடும்பத்தின் கணக்கு மட்டும் நேராகாது. அந்த மூன்றாவது கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதே வளர்ச்சி நிருவாகத்தின் கடமையாகும்.